பழைய டீசல் ஜெனரேட்டர் வாங்கப் போகிறீர்களா? முதலில் வீட்டை அளந்து பாருங்கள்

கிள்ளான்: என் பெரியப்பாவுக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறது. சுவரில் பிளக்கைச் செருகினால், அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும் கருவி அது. கரண்ட் இருக்கும்வரை கவலை இல்லை. சென்ற ஆண்டு ஓர் இரவு பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. திரும்பி வர மூன்று மணி நேரம் பிடித்தது. கைவசம் இருந்த சிறிய சிலிண்டர் முக்கால் மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. பெரியப்பாவை உட்கார வைத்து, முதுகைத் தாங்கிப் பிடித்தபடி ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தார்கள்.

மறுவாரமே பெரியம்மாவின் மகன், நான் அண்ணன் என்று அழைப்பவர், பழைய இயந்திரங்கள் விற்கும் ஒரு கிடங்கில் டீசல் ஜெனரேட்டர் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். "புதுசு மாதிரி இருக்கு தம்பி, சாவியைத் திருப்பினதும் ஸ்டார்ட் ஆகுது" என்றார். முன்பணம் கொடுப்பதற்குமுன் எங்களுக்குத் தெரிந்த வயர்மேன் ஒருவரை அழைத்துக்கொண்டு நானும் போனேன். அன்று கண்டதும், பிறகு விசாரித்து அறிந்ததும் இந்தக் கட்டுரையில் உள்ளன. வீட்டில் நோயாளியோ, முதியவரோ, கைக்குழந்தையோ இருந்து, "ஒரு ஜென்செட் வாங்கிப் போட்டால் என்ன?" என்று யோசிக்கும் குடும்பங்களுக்கு இது பயன்படலாம்.

நமக்கு எவ்வளவு நேரம் கரண்ட் போகிறது?

இந்த நாட்டில் மின்சாரத்தின் கதையே ஒரு சொந்த ஜெனரேட்டரில்தான் தொடங்குகிறது. 1894-இல் சிலாங்கூர், ரவாங்கில் இருந்த ஈயச் சுரங்கத்தில் லோக் யூவும் தம்புசாமி பிள்ளையும் ஜெனரேட்டர் ஒன்றை நிறுவினார்கள். பத்துமலை முருகன் கோயிலை நிறுவிய அதே தம்புசாமி பிள்ளைதான். அன்று வீதியில் கம்பி இல்லை. மின்சாரம் வேண்டுமானால் நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

இன்று நிலைமை வேறு. தீபகற்ப மலேசியாவில் தெனாகா நேஷனலின் விநியோகத்தில், சராசரியாக ஒரு பயனீட்டாளருக்கு ஆண்டு முழுவதும் சேர்த்து ஏற்படும் மின்தடை ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. நாடு தழுவிய பெரிய மின்தடைகள் அரிது. 1996 ஆகஸ்ட் 3-ஆம் தேதி தீபகற்பமே இருளில் மூழ்கியது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 2022 ஜூலை 27-ஆம் தேதி ஜோகூர், யோங் பெங்கில் உள்ள துணை மின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு கிள்ளான் பள்ளத்தாக்கு வரை எட்டியது. மற்றபடி நாம் சந்திப்பவை பெரும்பாலும் நிலத்தடிக் கேபிள் பழுது, மின்மாற்றிக் கோளாறு போன்ற உள்ளூர்த் தடைகள். சில மணி நேரத்தில் சரியாகிவிடும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜெனரேட்டர் பற்றி இணையத்தில் தமிழில் கிடைக்கும் யோசனைகள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ சொல்லப்பட்டவை. 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தது. இலங்கையில் 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரத்தை எட்டியது. அங்கே ஜெனரேட்டர் தினமும் ஓடும். நம் வீட்டு ஜெனரேட்டரோ ஆண்டில் 360 நாள் சும்மா இருக்கும். ஆனால் கேட்கும் நேரத்தில் உடனே ஓட வேண்டும். சும்மா இருப்பதுதான் டீசல் இயந்திரத்துக்குப் பெரிய சோதனை. பேட்டரி இறங்கிவிடும், டீசல் கெட்டுவிடும், ரப்பர் குழாய்கள் வெடித்துவிடும். எனவே நாம் வாங்கும் முறையும் வேறாக இருக்க வேண்டும்.

எதை ஓட்ட வேண்டும்? ஒரு தாளில் எழுதுங்கள்

கிடங்குக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை இது. கரண்ட் போனால் எவை கட்டாயம் ஓட வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். அண்ணன் வீட்டுப் பட்டியல் இப்படி அமைந்தது:

- ஆக்சிஜன் மெஷின்: 350 வாட்
- மூன்று மின்விசிறிகள்: 225 வாட்
- ஆறு எல்இடி விளக்குகள்: 60 வாட்
- குளிர்சாதனப் பெட்டி: 150 வாட்
- அரை குதிரைசக்தி தண்ணீர் பம்ப்: 550 வாட்
- இணைய மோடம்: 15 வாட்

மொத்தம் 1,350 வாட். குளியலறைச் சுடுநீர்க் கருவி ஒன்றே சுமார் 3,600 வாட் இழுக்கும். மின் கெட்டில் 2,000 வாட். இவை பட்டியலில் வரக்கூடாது. ஏர்கோன் வேண்டுமென்றால் ஒரு குதிரைசக்திக்குச் சுமார் ஆயிரம் வாட் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. மோட்டார் உள்ள பொருள்கள் ஓடத் தொடங்கும் நொடியில் வழக்கத்தைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு மின்சாரம் இழுக்கும். பம்ப் மூன்று மடங்கும் குளிர்சாதனப் பெட்டி ஐந்து மடங்கும் ஒரே நேரத்தில் இழுத்தால், அண்ணன் வீட்டுச் சுமை நொடிப்பொழுது 3,000 வாட்டைத் தாண்டும். ஆகவே 4 கிலோவாட் தரக்கூடிய ஜெனரேட்டர் போதும்.

ஜெனரேட்டர் தகட்டில் பெரும்பாலும் கிலோவாட்டுக்குப் பதிலாகக் கேவிஏ என்று இருக்கும். பொதுவாகக் கேவிஏ எண்ணை 0.8 ஆல் பெருக்கினால் கிலோவாட் கிடைக்கும். 5 கேவிஏ என்றால் 4 கிலோவாட். தகட்டில் இரண்டு எண்கள் இருந்தால், சிறிய எண்ணையே கணக்கில் எடுங்கள். பெரியது சிறிது நேரம் மட்டும் தாங்கும் உச்ச அளவு.

பெரியதாக வாங்கினால் நல்லதுதானே?

அண்ணன் பார்த்து வைத்திருந்தது 20 கேவிஏ. கட்டுமானத் தளத்திலிருந்து வந்தது. சிறியதைவிட விலை அதிக வித்தியாசம் இல்லை என்பதால் அவருக்கு ஆசை. வயர்மேன் முதலில் மறுத்தது இதைத்தான்.

20 கேவிஏ என்பது 16 கிலோவாட். அதில் 1,350 வாட் சுமை போட்டால், இயந்திரம் தன் திறனில் பத்தில் ஒரு பங்குகூட வேலை செய்யாது. டீசல் என்ஜினுக்கு நல்ல சூடும் அழுத்தமும் வேண்டும். திறனில் சுமார் 30 விழுக்காட்டுக்குக் கீழே நீண்ட நேரம் ஓடினால் டீசல் முழுதாக எரியாது. எரியாத எண்ணெயும் கரியும் புகைக்குழாயிலும் வால்வுகளிலும் பிசுபிசுவென்று படியும். நாளடைவில் புகை கூடும், சக்தி குறையும். இதே 1,350 வாட் சுமை 4 கிலோவாட் இயந்திரத்துக்கு 34 விழுக்காடு. அது அந்த என்ஜினுக்குப் பொருந்தும்.

வேகத்தையும் பாருங்கள். நமது மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சிறிய, காற்றால் குளிரும் டீசல் ஜெனரேட்டர்கள் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும். விலை குறைவு, சத்தம் அதிகம், தேய்மானமும் அதிகம். தண்ணீரால் குளிரும் பெரியவை 1,500 சுற்று ஓடும்; அவை நீண்ட நாள் உழைக்கும், ஆனால் கனமும் இடமும் கூடும்.

எங்கே வைப்பீர்கள்?

பலர் இதை வாங்கிய பிறகே யோசிக்கிறார்கள். உண்மையில் இதுதான் முதல் கேள்வி.

ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தலைவலி, மயக்கம், தூக்கம், பிறகு மரணம். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு எச்சரிக்கையே கிடைக்காது. அமெரிக்காவில் கையடக்க ஜெனரேட்டர்களின் புகையால் ஆண்டுக்குச் சுமார் 100 பேர் இறப்பதாக அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கூறுகிறது. பெட்ரோல் ஜெனரேட்டரைவிட டீசலில் இந்த வாயு குறைவு என்பது உண்மை. ஆனால் மூடிய இடத்தில் அந்தக் குறைவான அளவும் உயிரைப் பறிக்கப் போதும். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் வகைப்படுத்தியதையும் மறக்க வேண்டாம்.

அதே அமெரிக்க ஆணையம் தரும் அறிவுரை, ஜெனரேட்டரை வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகை வீட்டுக்கு எதிர்த்திசையில் போகுமாறு வைக்க வேண்டும் என்பது. இப்போது நம் தாமான்களை நினைத்துப் பாருங்கள். நம் வரிசை வீடுகளில் பலவற்றின் அகலமே 20 அல்லது 22 அடிதான். முன்வாசல் கார் நிறுத்துமிடத்தில் வைத்தால் ஹால் ஜன்னல் சில அடியில். பின்பக்கம் வைத்தால் உங்கள் சமையலறை ஒரு பக்கம், பின்சந்துக்கு அப்பால் அடுத்த வரிசைக்காரரின் சமையலறை மறுபக்கம். உங்கள் ஜன்னலிலிருந்து தள்ளி வைத்தால் அண்டை வீட்டுக்காரர் ஜன்னலுக்கு நெருங்கிவிடும். பிரிக்பீல்ட்ஸ் போன்ற இடங்களில் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழக்கூடாது. பால்கனியில் டீசல் ஜெனரேட்டர் ஓட்டுவது கீழ்வீட்டாருக்கும் மேல்வீட்டாருக்கும் சேர்த்து ஆபத்து.

மூலை வீடு, தனி வீடு, காப்பார், மேரு பக்கம் நிலத்தோடு இருக்கும் கம்பத்து வீடு என்றால் இடம் கிடைக்கலாம். அங்கும் சுவரில்லாத கூரையின்கீழ், மழை படாமல், நான்கு பக்கமும் காற்று ஓடும்படி இருக்க வேண்டும். சத்தத்தைத் தடுக்கிறேன் என்று நான்கு பக்கமும் பலகை அடித்து மூடிவிடாதீர்கள். வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பொருத்துங்கள்.

அடுத்து வெள்ளம். 2021 டிசம்பர் 17, 18-ஆம் தேதிகளில் பெய்த மழையை இந்தப் பகுதி மக்கள் மறக்க மாட்டார்கள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் கீழ்த்தளங்கள் மூழ்கி, மக்கள் மாடியிலும் கூரையிலும் படகுக்காகக் காத்திருந்தார்கள். பாதுகாப்புக்காக மின்சாரமும் துண்டிக்கப்பட்டது. அப்படிப்பட்ட நாளில் வாசலில் வைத்த ஜெனரேட்டர் முதலில் மூழ்கும் பொருள்களில் ஒன்றாகிவிடும்.

இது நம் வீட்டுக்கு மட்டும் உள்ள சிக்கல் அல்ல. 2011 மார்ச் 11-ஆம் தேதி சுனாமி தாக்கியபோது ஜப்பானின் ஃபுகுஷிமா டாயிச்சி அணுமின் நிலையத்தில் 13 அவசர டீசல் ஜெனரேட்டர்கள் இருந்தன. பெரும்பாலானவை தாழ்வான தளங்களில் இருந்ததால் நீரில் மூழ்கின. மூழ்காமல் தப்பிய சிலவும், அவற்றின் மின் பலகைகள் நனைந்ததால் பயனற்றுப் போயின. தொடர்ந்து ஓடியது ஒன்றே ஒன்று. ஜெனரேட்டரை மட்டும் உயரத்தில் வைத்தால் போதாது. சுவிட்ச் பெட்டியும் வயரும்கூட வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்பது நமக்கான பாடம்.

கிடங்கில் பார்க்க வேண்டியவை

இடம் இருக்கிறது, கணக்கும் சரி என்றால் இனி இயந்திரத்தைப் பார்க்கலாம்.

முதலில் தகடு. கிள்ளான் பள்ளத்தாக்கில் விற்கப்படும் பழைய ஜெனரேட்டர்களில் ஜப்பானிலிருந்து வந்தவை அதிகம். டென்யோ, யான்மார், குபோட்டா போன்ற பெயர்களைக் காணலாம். நல்ல இயந்திரங்கள்தான். ஆனால் ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட்; அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பகுதியில் 60 ஹெர்ட்ஸ். நமக்கு வேண்டியது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், ஒற்றை பேஸ். தகட்டில் 100 அல்லது 200 வோல்ட் மட்டும் இருந்தால் அது நம் வீட்டுக்கு நேரடியாகப் பொருந்தாது. "மாற்றிக் கொடுக்கிறோம்" என்றால், மாற்றிய பிறகு வந்து சோதித்துப் பாருங்கள். தகடே இல்லையென்றால் வேண்டாம்.

இரண்டாவது, என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருவதற்குமுன் அது குளிர்ந்திருக்க வேண்டும். நாங்கள் போனபோது கிடங்கு ஜெனரேட்டரின் என்ஜின் வெதுவெதுப்பாக இருந்தது. சூடான டீசல் என்ஜின் சுலபமாக ஸ்டார்ட் ஆகும். குளிர்ந்த நிலையில் எத்தனை முறை இழுக்கிறது, எவ்வளவு நேரம் புகைகிறது என்பதுதான் அதன் உண்மையான உடல்நிலை. "அண்ணே, நாளைக்குக் காலையில் வர்றோம், நாங்க வந்து ஸ்டார்ட் பண்றோம்" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

மூன்றாவது, எண்ணெய். அளவுக் கம்பியை உருவிப் பாருங்கள். டீசல் என்ஜின் எண்ணெய் கறுப்பாக இருப்பது இயல்பு. தேதாரே போல் வெளுத்துக் குழம்பியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டர் உள்ள இயந்திரமானால், குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து, நீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். சூடாக இருக்கும்போது திறந்தால் முகம் வெந்துவிடும்.

நான்காவது, புகை. ஸ்டார்ட் ஆகும்போதும் சுமை ஏறும்போதும் கொஞ்சம் கறுப்புப் புகை வந்து நின்றுவிட்டால் பரவாயில்லை. நீலப் புகை தொடர்ந்தால் என்ஜின் எண்ணெயைக் குடிக்கிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை தொடர்ந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது.

ஐந்தாவது, மணிக்கணக்குக் கருவி. எத்தனை மணி நேரம் ஓடியது என்று அது காட்டும். ஆனால் அதை மாற்றிவிடுவது எளிது. எண் சிறியதாகவும், போல்ட் தலைகள் தேய்ந்தும், அவற்றின்மேல் புதுச் சாயமும் இருந்தால் சாயத்தை நம்பாதீர்கள், போல்ட்டை நம்புங்கள்.

ஆறாவது, சேறு. 2021 வெள்ளத்துக்குப் பிறகு நான் தனியாகச் சொல்ல விரும்புவது இது. மின்சாரம் உண்டாக்கும் பகுதியான ஆல்டர்னேட்டரின் காற்றுத் துளைகளிலும் வயர் இணைப்புப் பெட்டியின் மூலைகளிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். நாங்கள் பார்த்த ஜெனரேட்டரில் வெளியே பளபளப்பான மஞ்சள் சாயம். இணைப்புப் பெட்டியைத் திறந்தால் மூலையில் காய்ந்த வண்டல், திருகுகளில் துரு. அது தண்ணீரில் நின்ற இயந்திரம் என்று வயர்மேன் சொன்னார். மறுநாள் காலை நாங்கள் அங்கே போகவில்லை.

சந்தேகம் இருந்தால் மெக்கர் என்ற கருவியால் ஆல்டர்னேட்டர் சுருளின் காப்பைச் சோதிக்கச் சொல்லுங்கள். 500 வோல்ட்டில் ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் விலகிவிடுங்கள்.

கடைசியாக, ரசீது. தகட்டிலுள்ள தொடர் எண் ரசீதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கட்டுமானத் தளங்களில் ஜெனரேட்டர் திருடுபோவது புதிதல்ல. ரசீது தர மறுப்பவரிடம் மலிவு விலை ஒரு காரணமாகக் கூடாது.

அரை மணி நேரச் சோதனை

சுமை இல்லாமல் ஓடும் ஜெனரேட்டர் எதையும் நிரூபிக்காது. கிடங்குக்குப் போகும்போது கெட்டில், இஸ்திரிப் பெட்டி, ஒரு சாதாரண டிஜிட்டல் மீட்டர் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். சுமையைப் பாதியாகவும், பிறகு முக்கால்வாசியாகவும் ஏற்றி அரை மணி நேரம் ஓட்டுங்கள். கெட்டிலில் தண்ணீர் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வோல்ட் 216-க்கும் 253-க்கும் இடையில் இருக்க வேண்டும். நம் நாட்டு விநியோகத்துக்கு அனுமதிக்கப்பட்ட எல்லை இதுவே. சுமையில்லாதபோது ஹெர்ட்ஸ் 52 வரை இருக்கலாம்; சுமை ஏறும்போது 50-ஐ ஒட்டி நிற்க வேண்டும். கெட்டிலைப் போட்டதும் என்ஜின் ஒருமுறை முக்கிவிட்டு நிலைக்க வேண்டும். ஏறி இறங்கி ஊசலாடிக்கொண்டே இருந்தால் எரிபொருள் பம்பிலோ வேகக் கட்டுப்பாட்டிலோ கோளாறு. அரை மணி முடிந்ததும் அணைத்து, உடனே மீண்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். எண்ணெயும் டீசலும் எங்கும் ஒழுகவில்லையா என்று கீழே குனிந்து பாருங்கள்.

வீட்டோடு இணைப்பது

இங்கே ஒரு தவறு நடந்தால் சாவது நீங்களாக இல்லாமல் வேறொருவராக இருக்கலாம். இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரால் ஜெனரேட்டரைச் சுவர் சாக்கெட்டில் செருகுபவர்கள் இருக்கிறார்கள். அப்போது மின்சாரம் வீட்டோடு நிற்காமல் வீதிக் கம்பிக்கும் போகும். மின்மாற்றி அதை 11,000 வோல்ட்டாக உயர்த்தும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பியில் கைவைக்கும் தெனாகா ஊழியரின் உயிர் அதில் போகலாம். வயரின் மறுமுனை வெளியே கழன்றால் அதைத் தொடும் உங்கள் பிள்ளைக்கும் அதே கதிதான்.

சரியான வழி, மெயின் பலகை அருகே மாற்றுச் சுவிட்ச் பொருத்துவது. ஒரு பக்கம் தெனாகா, மறுபக்கம் ஜெனரேட்டர், நடுவில் அணைப்பு. இரண்டும் ஒரே நேரத்தில் சேரவே முடியாது. அந்தச் சுவிட்ச் நியூட்ரல் வயரையும் சேர்த்து மாற்றும் வகையாக இருக்கட்டும். எர்த் இணைப்பும் முறையாக வேண்டும். ஜெனரேட்டரின் நியூட்ரல் சரியாக இணைக்கப்படாவிட்டால், ஷாக் அடிக்கும்போது வீட்டு ஈஎல்சிபி விழாமல் போகலாம். இந்த வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற ஒப்பந்ததாரரிடம் கொடுங்கள். உங்கள் ஜெனரேட்டரின் அளவுக்கு ஆணையத்தின் உரிமம் வேண்டுமா என்பதையும் அவரிடமே முதலில் கேளுங்கள்.

டீசலும் பராமரிப்பும்

5 கேவிஏ இயந்திரம் நம் சுமைக்கு மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் குடிக்கும். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு உயர்ந்தது. அதன்பின் சந்தை விலைப்படி மாறி வருகிறது. சில மணி நேரத் தடைக்கு இந்தச் செலவு பெரிதல்ல. சேமித்து வைப்பதில்தான் சிக்கல். டீசல், 1961-ஆம் ஆண்டு விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் கட்டுப்பாட்டுப் பொருள். கலனில் வாங்குவதற்கு விதிமுறைகள் உண்டு என்பதால் எண்ணெய் நிலையத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மேலும், 2019 முதல் நாம் வாகனங்களுக்கு நிரப்பும் டீசலில் பத்து விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் கலக்கப்படுகிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். மாதக்கணக்கில் நின்றால் தொட்டியின் அடியில் தண்ணீர் தங்கி, பாசிபோல் கிருமி வளர்ந்து வடிகட்டியை அடைக்கும். எனவே நிறைய வாங்கி வைக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பழையதை ஓட்டித் தீர்த்துப் புதியது ஊற்றுங்கள். மாதம் ஒருமுறை, பகலில், வீட்டுச் சுமையோடு அரை மணி நேரம் ஓட்டுங்கள். பேட்டரியையும் அன்றே பாருங்கள். இதைச் செய்ய வீட்டில் ஆள் இல்லையென்றால் ஜெனரேட்டர் வாங்காதீர்கள்.

அண்ணன் என்ன செய்தார்?

வீட்டுக்குத் திரும்பியதும் அளவு நாடாவை எடுத்தார். படியேற முடியாததால் பெரியப்பா கீழே, முன் அறையில் படுக்கிறார். ஜெனரேட்டர் வைக்கக்கூடிய ஒரே இடம் கார் நிறுத்துமிடம். அங்கிருந்து அந்த அறையின் ஜன்னல் ஏழு அடி. மூச்சுக்காக வாங்கும் மெஷின், மூச்சு விடும் ஜன்னலுக்குக் கீழேயே புகை கக்கும்.

அதனால் ஜெனரேட்டர் யோசனையைக் கைவிட்டு, 2 கிலோவாட் மணி சேமிக்கும் பேட்டரி பெட்டி ஒன்றை வாங்கினார். மருத்துவக் கருவிக்கு ஏற்ற, தூய சைன் அலை தரும் வகை. 350 வாட் ஆக்சிஜன் மெஷின் மட்டும் ஓடினால், இழப்பு போக நாலரை முதல் ஐந்து மணி நேரம் வரும். புகையில்லை, சத்தமில்லை. வெள்ளம் வந்தால் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு நோயாளியோடு கிளம்பலாம். டீசல் ஜெனரேட்டரை அப்படித் தூக்க முடியாது.

கூடவே பெரிய ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றையும் வாடகைக்கு எடுத்தார். அதன் கணக்கு எளிது. சிலிண்டரில் 600 லிட்டர் வாயு, நோயாளிக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 300 நிமிடம், அதாவது ஐந்து மணி நேரம். எத்தனை லிட்டர் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பேட்டரியும் சிலிண்டரும் சேர்ந்து ஒரு நீண்ட இரவைத் தாங்கும். அதற்கும் மேல் கரண்ட் வராது என்று தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போவது என்று குடும்பத்தில் முடிவெடுத்திருக்கிறார்கள். தெனாகாவின் 15454 என்ற எண்ணும் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது.

இடமுள்ள வீடுகளுக்கும், நாள்கணக்கில் மின்சாரமில்லாமல் தவித்த அனுபவமுள்ள பகுதிகளுக்கும் நல்ல பழைய டீசல் ஜெனரேட்டர் இன்றும் பயனுள்ள பொருள்தான். ஆனால் கிடங்குக்குப் போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு மெயின் சுவிட்சை ஒரு மணி நேரம் அணைத்து வைத்துப் பாருங்கள். வீட்டில் நோயாளி இருந்தால் அவருக்கு மாற்று ஏற்பாடு செய்துவிட்டு அணையுங்கள். எது இல்லாமல் இருக்க முடியவில்லையோ, அதுதான் உங்கள் பட்டியலின் முதல் வரி. பிறகு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போங்கள்.